கினிப் பன்றிகளுக்குச் சமச்சீர் உணவு அளிக்கும் முறை

கினிப் பன்றி வளர்க்கத் தொடங்குவோர் எந்தக் காயைக் கொடுக்கலாம், எந்தப் பழத்தைத் தவிர்க்க வேண்டும் என்றே முதலில் கேட்கிறார்கள். அதற்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது, கூண்டில் இந்த நேரத்தில் காய்ந்த புல் இருக்கிறதா என்பதுதான். கினிப் பன்றி ஒரு நாளில் உண்பதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும். காய்கறி, பெல்லட் (அழுத்திச் செய்த சிறு தீவனத் துண்டுகள்), பழம் எல்லாம் மீதமுள்ள சிறு பங்குக்குள் அடங்க வேண்டியவை. இந்த விகிதம் தலைகீழாகும் வீடுகளில்தான் பல் கோளாறும் வயிற்றுக் கோளாறும் அதிகம் வருகின்றன.

கினிப் பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். முன்பற்கள் மட்டுமின்றிக் கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நீண்ட புல் இழைகளை மென்று அரைக்கும்போதுதான் அவை வளரும் வேகத்திலேயே தேய்ந்து அளவோடு இருக்கின்றன. மென்மையான காயும் நொறுங்கும் பெல்லட்டும் அந்த அளவுக்கு மெல்லும் வேலையைக் கொடுப்பதில்லை. கடைவாய்ப் பற்கள் மிகையாக வளர்ந்துவிட்டால், கீழ்ப்பற்கள் நாக்கின் மேல் வளைந்து அதை அழுத்திவிடும். அப்போது பசியோடு உணவை நோக்கி வரும் பிராணி அதை வாயில் எடுத்து, விழுங்க முடியாமல் கீழே போட்டுவிடும். புல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் உள்ள பெரிய பையில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன; குடல் இடைவிடாமல் அசைந்துகொண்டிருப்பதற்கும் அந்த நாரே காரணம். அந்தப் பையில் உருவாகும் மென்மையான உருண்டைகளைக் கினிப் பன்றி நேரடியாக வாயால் எடுத்து மீண்டும் உண்ணும். பார்ப்பவர்களுக்கு அருவருப்பாகத் தோன்றினாலும், முதல் முறை உடலில் சேராத சத்துகளைப் பெறுவதற்கு இது அவசியம் என்பதால் தடுக்கக் கூடாது.

வளர்ந்த பிராணிக்குத் திமோத்தி புல், ஆர்ச்சர்டு புல், பலவகைப் புற்கள் கலந்த புல்வெளிப் புல் ஆகியவை ஏற்றவை. குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) என்ற தீவனப் பயிரில் புரதமும் கால்சியமும் மிகுதி. ஆகவே அதை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும், சினையாக உள்ள, பாலூட்டும் தாய்களுக்கும் மட்டும் கொடுக்கலாம். மற்றவற்றுக்கு நாள்தோறும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடும். வைக்கோலை விரிப்பாகப் போடுவதற்கு மேல் நம்பக் கூடாது, ஏனெனில் தானியம் பிரித்த தண்டில் சத்து மிகக் குறைவு. வாங்கும்போது ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பாருங்கள். நல்ல புல் பசுமை கலந்த நிறத்தோடு, இனிய மணத்தோடு இருக்கும். உதறினால் தூசி பறக்காது. பூஞ்சை வாடை அடித்தாலோ, கையில் ஈரம் பட்டாலோ அதை வாங்க வேண்டாம். வீட்டில் காற்றுப் புகும் துணிப்பையிலோ அட்டைப் பெட்டியிலோ, ஈரம் படாத இடத்தில் வைக்கலாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பிராணியின் உடல் அளவுக்கு இணையான ஒரு குவியலாவது தினமும் புதிதாக வைக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் பிரித்து வைத்தால் இன்னும் ஆர்வமாக உண்ணும். நேற்றைய புல் மீந்திருக்கிறது என்பதற்காகப் புதியதை வைக்காமல் இருந்துவிடாதீர்கள். மிதித்து நனைந்த புல்லை அது தொடாது.

அடுத்து உயிர்ச்சத்து சி. மனிதரைப் போலவே கினிப் பன்றியின் உடலாலும் இதைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. 1907ஆம் ஆண்டில் நார்வேயைச் சேர்ந்த ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் இருவரும் கினிப் பன்றிகளுக்குத் தானிய உணவை மட்டும் கொடுத்தபோது அவற்றுக்கு உயிர்ச்சத்து சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்ததையும், புதிய முட்டைக்கோஸ் போன்றவற்றைச் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டதையும் வெளியிட்டார்கள். தானியமும் ரொட்டியும் தின்று ஒரு கினிப் பன்றி நலமாக வாழ முடியாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நலமாக உள்ள பிராணிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை; நோயுற்றதற்கும் சினையாக உள்ளதற்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். சிவப்புக் குடைமிளகாய் 100 கிராமில் 120 மில்லிகிராமுக்கு மேல் இச்சத்து இருப்பதால், 20 அல்லது 25 கிராம் துண்டு ஒன்றே ஒரு நாளின் தேவையை நிறைவு செய்துவிடும். பச்சைக் குடைமிளகாயில் அளவு சற்றுக் குறைவு, ஆனால் இனிப்பும் குறைவு என்பதால் அன்றாடம் கொடுக்க அதையே நான் விரும்புகிறேன். குடிநீரில் கலக்கும் உயிர்ச்சத்துச் சொட்டு மருந்தை நம்ப வேண்டாம். வெளிச்சம் பட்ட நீரில் அந்தச் சத்து விரைவில் சிதைந்துவிடும். சுவை மாறியதால் பிராணி நீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளவும் கூடும்.

காய்கறியும் கீரையும் சேர்ந்து ஒரு பிராணிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கோப்பை போதும். லெட்யூஸ் கீரை, கொத்தமல்லி, வெள்ளரி, குடைமிளகாய் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். வெள்ளை நிற ஐஸ்பெர்க் லெட்யூஸில் நீரைத் தவிர அதிகம் இல்லை. பசலைக்கீரை, பார்ஸ்லி போன்றவற்றில் சிறுநீர்ப்பைக் கல்லுக்கு வழிவகுக்கும் ஆக்சலேட் என்ற பொருளோ கால்சியமோ மிகுதியாக இருப்பதால் வாரத்தில் ஓரிரு முறை சிறிதளவு போதுமானது. முட்டைக்கோஸ் வகைகள் சில பிராணிகளுக்கு வயிற்றில் வாயு உண்டாக்கும். கேரட்டும் பழங்களும் சர்க்கரை மிக்கவை என்பதால், விரல் நுனி அளவுத் துண்டாக வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். எந்தப் புதிய காயையும் முதலில் ஒரு சிறு துண்டாகக் கொடுத்து, மறுநாள் புழுக்கை இளகாமல் இருந்தால் மட்டும் அளவைக் கூட்டுங்கள். நன்றாகக் கழுவிக் கொடுப்பதும், சில மணி நேரத்தில் மீந்ததை எடுத்துவிடுவதும் வழக்கமாக வேண்டும்.

பெல்லட் ஒரு துணை உணவு மட்டுமே. வளர்ந்த பிராணிக்கு நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி போதும். திமோத்தி புல்லை அடிப்படையாகக் கொண்டு கினிப் பன்றிக்கென்றே தயாரிக்கப்பட்டதாக அது இருக்க வேண்டும். முயல் பெல்லட்டில் உயிர்ச்சத்து சி பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. விதைகளும் வண்ணத் துண்டுகளும் கலந்த கலவைகளை வாங்காதீர்கள். பிராணி இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கிவிடும். சேர்த்த உயிர்ச்சத்தும் நாளடைவில் குறையும் என்பதால், தயாரித்த தேதியைப் பார்த்துச் சிறிய பொதியாக வாங்கி மூன்று மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, ருபார்ப், அவகேடோ, தக்காளிச் செடியின் இலை, சாக்லேட், பால் பொருள்கள், இறைச்சி, ரொட்டி, கொட்டைகள் ஆகிய எதையும் கொடுக்கக் கூடாது. கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், உள்ளே போன நஞ்சு வெளியே வர வழியில்லை. புல்வெட்டும் இயந்திரத்தில் அரைபட்ட புல்லும் ஆகாது. அது சூடேறி விரைவாக நொதிக்கத் தொடங்கிவிடும். பூச்சிமருந்து தெளிக்காத இடத்தில் கையால் பறித்த புல்லைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

குடிநீர் எந்நேரமும் கிடைக்க வேண்டும். புட்டியைத் தினமும் கழுவி நிரப்பும்போது, அதன் முனைக்குண்டை விரலால் தொட்டு நீர் வருகிறதா என்று பாருங்கள்; அந்த முனையில் உணவுத் துணுக்கு அடைத்துக்கொண்டால் நிறைந்த புட்டியின் முன்னேயே பிராணி தாகத்தோடு இருக்கும்.

உணவு சரியாக அமைந்திருக்கிறதா என்பதை எடை சொல்லிவிடும். ஒரு கிண்ணத்தைச் சமையலறைத் தராசில் வைத்து, வாரம் ஒருமுறை அதே நேரத்தில் பிராணியை அதில் அமர்த்தி எடையைக் குறித்து வையுங்கள். எடை தொடர்ந்து இறங்கினாலும், புழுக்கைகள் சிறுத்தாலும், எண்ணிக்கையில் குறைந்தாலும் பல்லையும் வயிற்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உயிர்ச்சத்து சி குறைந்த பிராணி நடக்கத் தயங்கும், மூட்டுகள் வீங்கும், தூக்கினால் வலியில் கத்தும். ஒரு கினிப் பன்றி உண்பதை அடியோடு நிறுத்திவிட்டால், மறுநாள் வரை பொறுத்துப் பார்க்க வேண்டாம். குடல் அசைவு நின்றுபோனால் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே 12 மணி நேரமாக எதுவும் உண்ணவில்லை என்று தெரிந்தால், அது இரவாக இருந்தாலும் சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவரை உடனே அணுகுங்கள்.