காமிக்ஸ் பக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோவது எப்படி

காமிக்ஸ் கண்காட்சி நடத்தப் போகிறோம், எங்கே ஆரம்பிப்பது என்று யார் கேட்டாலும், பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஒரு பழைய துணிக்கடையைப் பற்றித்தான் நான் முதலில் சொல்வேன். 1906-இல் கட்டடக் கலைஞர் விக்டர் ஹோர்ட்டா ஒரு துணி வியாபாரிக்காகக் கட்டிய கட்டடம் அது. கூரையில் கண்ணாடி பதித்து, வெளிச்சம் மேலிருந்து கொட்டுகிற மாதிரி அமைத்திருக்கிறார். 1989 முதல் அங்கே இருப்பது பெல்ஜியத்தின் காமிக்ஸ் அருங்காட்சியகம். துணி வாங்க வந்தவர்களுக்கு அந்த வெளிச்சம் வரம். காமிக்ஸ் ஓவியரின் காகிதத்துக்கு அதுவே எமன். அவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி வேலை புரிந்துவிடும்.

வெளிச்சம் விழும் கூடத்தில் காமிக்ஸ் நாயகன் டின்டினின் சிவப்பு வெள்ளை ராக்கெட் நிற்கிறது. ஓவியர் கையால் வரைந்த ஒரிஜினல் பக்கங்கள் உள்ளே, மங்கலான அறைகளில். கையிருப்பில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தாலும் ஒரு சமயத்தில் வெளியே வருவது கொஞ்சம்தான், அவற்றையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்களும் இதையே பின்பற்றுங்கள். ஒரிஜினல் மாட்டும் சுவரில் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம். மூன்று மாதம் மாட்டினால், அப்புறம் நீண்ட காலம் இருட்டில் வையுங்கள். வெளிச்சத்தால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். வெளுத்த மை திரும்பக் கறுக்காது.

எதை மாட்டுவது? அழகாக முடிந்த பக்கத்தை மட்டும் தேடாதீர்கள். கை தடுமாறிய இடம் தெரிகிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரிஜினல் பெரும்பாலும் அச்சில் பார்ப்பதைவிடப் பெரிதாக இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால், மைக்கோட்டுக்கு அடியில் வெளிர் நீலப் பென்சில் தெரியும். அந்த நீலம் அச்சகக் கேமராவில் விழாது, அதனால் அதை அழிக்காமலே விட்டுவிடுவார்கள். ஒரு மூக்கின் மேல் வெள்ளைப் பெயின்ட் பூசித் திரும்ப வரைந்திருப்பார்கள். வசனம் மாறிய பலூனில் (பாத்திரத்தின் பேச்சு எழுதும் வளையத்தில்) புதுத் துண்டுத்தாள் ஒட்டியிருக்கும், அதன் ஓரத்தில் பசை பழுத்து மஞ்சளாகியிருக்கும். இந்த இடத்தில் ஜனம் நின்று பார்க்கும். நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

பழைய பெல்ஜிய முறையில் கறுப்புக் கோடு போட்ட ஒரிஜினலில் வண்ணம் இருக்காது. அதே கோடுகளை வெளிர் நீலத்தில் ஒரு தனித்தாளில் அச்சிட்டு, அதில்தான் வண்ணம் தீட்டுவார்கள். ஒரே பக்கத்தின் கறுப்புக் கோடு, வண்ணத்தாள், அச்சான பத்திரிகை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காமிக்ஸ் எப்படி உருவாகிறது என்று விளக்க நீளமான கட்டுரை எழுதத் தேவையே இருக்காது.

சரி, வெளிநாட்டுக்கு எப்படி? என் முடிவு தெளிவானது: ஒரிஜினல் வீட்டிலேயே இருக்கட்டும், பிரதி பயணம் போகட்டும். நல்ல ஸ்கேன் எடுத்து, அசல் அளவிலேயே அச்சிடுங்கள். தாளின் பழுப்பையும் நீலக் கோட்டையும் கம்ப்யூட்டரில் "சுத்தம்" செய்துவிடாதீர்கள், பார்க்க வருபவர்கள் வருவதே அதற்காகத்தான். அதற்கு முன்னால் உரிமை. பக்கத்தை விலைக்கு வாங்கியவர் அதன் சொந்தக்காரர்தான், ஆனால் அச்சிடும் உரிமை அவரிடம் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் படைப்பாளி இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். டின்டினை உருவாக்கிய ஹெர்ஜே இறந்தது 1983-இல், ஆகவே 2053 முடியும்வரை எழுத்தில் அனுமதி வாங்காமல் டின்டினைத் தொடாதீர்கள்.

பிரதிகளின் பின்பக்கம் வரிசை எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். ஒருமுறை நான் பதினான்கு பிரதிகளை எண் போடாமல் அனுப்பிவிட்டேன். திறப்பு விழாவுக்குப் போனால், கதை நடுவில் ஆரம்பித்து முதல் பக்கத்தில் முடிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் படங்களைப் பாராட்டிவிட்டுப் போனார்கள், ஒருவர்கூடக் கதையைப் படிக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மொழிக்கு பிரஸ்ஸல்ஸே நல்ல பாடம். அங்கே பிரெஞ்சும் டச்சும் அரசு மொழிகள். பிரெஞ்சில் டின்டின், டச்சில் கைஃப்யே. அவனுடைய நாய்க்குட்டி பிரெஞ்சில் மிலூ, டச்சில் பாபி. பெயரே மாறுகிற கலை இது என்பதால் பயப்படாமல் மொழிபெயர்க்கலாம், ஆனால் பலூனில் மட்டும் கை வைக்காதீர்கள். ஓவியரின் கையெழுத்தும் வரைகலைதான். படத்துக்குக் கீழே சின்ன அட்டையில், கட்டத்தின் எண் போட்டு வசனத்தைக் கொடுங்கள். அந்த வசனத்தை, கண்காட்சி நடக்கும் ஊரில் காமிக்ஸ் படித்து வளர்ந்த ஒருவர் எழுதட்டும். நகைச்சுவை அப்போதுதான் உயிரோடு போய்ச் சேரும்.

உள்ளூர் மக்களை இழுக்க டிக்கெட் கவுன்டருக்கு வெளியே யோசிக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸில் 1991 முதல் வீட்டுச் சுவர்களிலேயே காமிக்ஸ் காட்சிகளைப் பெரிதாக வரைந்து வருகிறார்கள், இப்போது ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன. ஜப்பானின் கியோட்டோவில் 2006-இல் திறந்த மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) அருங்காட்சியகம், ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. சுமார் 50,000 புத்தகங்களை அலமாரிகளில் அடுக்கி, எடுத்துப் படியுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஜனங்கள் புல்வெளியில் படுத்துக்கொண்டே படிக்கிறார்கள். உங்களிடம் இருப்பது ஐம்பது புத்தகமானாலும் சரி, உட்கார நாற்காலியோடு வையுங்கள். சுவரில் இருப்பதைப் பார்த்தவர் முழுக்கதையைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கடைசி அறையில் ஒரு மேசை, பென்சில்கள், நான்கு காலிக் கட்டங்கள் அச்சிட்ட தாள்கள். வரைந்து முடித்ததை அங்கேயே கயிற்றில் மாட்டச் சொல்லுங்கள். கண்காட்சி முடிந்ததும் வரைந்தவர்களின் சம்மதத்தோடு அந்தத் தாள்களையும் அதே பெட்டியில் வைத்து அடுத்த ஊருக்கு அனுப்புங்கள், அங்கே கயிறு கட்டும்போது முதலில் இவை தொங்கட்டும்.