ஐயரம்மாமார் ஒரு பகல் கூடி உட்கார

ஐயரம்மாமார், அதாவது சபைப் போதகர்களின் மனைவிமார், கூடுகை என்றாலே நம் திருமண்டலங்களில் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளில்) ஒரு வழக்கம் உண்டு. மேடை, வரவேற்புரை, பொன்னாடை, செய்தி, பிரியாணி, குரூப் போட்டோ. அது அதன்பாட்டுக்கு நடக்கட்டும். நான் சொல்ல வருவது சின்னக் காரியம். எட்டுப் பத்துப் பேர், யாருக்கும் எதையும் செய்து காட்ட வேண்டிய அவசியமில்லாமல், ஒரு பகல் முழுக்கக் கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்துவிட்டு வருவது. என் வீட்டுக்காரர் ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பக்கத்துச் சேகரங்களின் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின்) அம்மாமாரோடு இதை நடத்திவருகிறேன்.

தேதிதான் முதல் சிக்கல். லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில், முடியாது. மே மாதம் போதகர்மாருக்கு மாற்றலும், பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளியும் (வி.பி.எஸ்.). டிசம்பரைப் பேச வேண்டியதே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள். நம்மில் பலர் டீச்சர்மார், வார நாளில் லீவு கிடைக்காது. ஞாயிறு ஆராதனைக்கு ஆயத்தம் இருப்பதால் நாலு மணிக்கெல்லாம் அனுப்பிவிட வேண்டும்.

இடம் யாருடைய குருமனையாகவும் (போதகர் குடியிருக்கும் வீடாகவும்) இருக்கக் கூடாது. அந்த வீட்டு அம்மா காலை நாலு மணிக்கே அடுப்படியில் நிற்பாள், தியானத்துக்கு நடுவில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பாள். குற்றாலமும் வேண்டாம், அந்த மாதங்களில் சீசன் கூட்டம். மரநிழல் உள்ள ஒரு மிஷன் பள்ளிக்கூடம், சுத்தமான கழிப்பறை, நாலைந்து பாய் போதும். சாப்பாட்டை வெளியே சொல்லிவிடுங்கள். செலவை நாமே ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். சபைப் பணத்தில் நடத்தினால் கணக்கு, அறிக்கை, போட்டோ எல்லாம் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான்.

அறிமுகத்தில் சேகரத்தின் பேரைச் சொல்ல விடாதீர்கள். அவரவர் சொந்தப் பேர் மட்டும். பெரிய சேகரத்து அம்மா, சின்னக் கிராமத்து அம்மா என்ற வரிசை அங்கேயே கலைந்துவிடும். பேராயரம்மா வந்தாலும் அதே பாயில்தான் உட்கார வேண்டும். திருமண்டலத்தில் சேராத சுயாதீனச் சபைப் பாஸ்டரம்மாமாரையும் கூப்பிடுங்கள். சம்பளமும் குடியிருப்பும் உறுதியில்லாமல் ஊழியம் செய்கிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஜெபிக்கிற முறை வேறாயிருக்கும். ஒரு கீர்த்தனை, ஒரு கோரஸ் என்று இரண்டையும் பாடினால் போதும்.

பாடி முடித்ததும் மௌனம், ஒன்றரை மணி நேரமாவது. எப்போதும் நாம் வேதத்தைத் திறப்பது பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசத்தான். வாசிக்கும்போதே குறிப்பு ஓடும். அன்றைக்கு நோட்டும் பேனாவும் பைக்குள்ளேயே இருக்கட்டும். நான் அதிகம் கொடுக்கிற பகுதி 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம், முதல் எட்டு வசனம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாகக் கேட்டுப் படுத்துக்கொள்கிறான். தூதன் வந்து தட்டியெழுப்பி முதலில் கொடுப்பது அடையும் தண்ணீரும். சாப்பிட்டு அவன் திரும்பவும் படுத்துக்கொள்கிறான், அதற்கும் ஒரு கண்டிப்பு இல்லை. ஓரேப் மலையிலே கர்த்தர் பேசுவது அதற்கப்புறம்தான்.

ஒரு தடவை கைக்குழந்தைக்காரி ஒருத்தி வேப்பமரத்தடியில் வேதத்தை மடியில் வைத்தபடியே தூங்கிப்போனாள். எழுப்பப் போன ஒரு பெரியம்மாவைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். சாப்பாட்டு மணி அடித்தும் எழும்பவில்லை. பிள்ளையை ஆள் மாற்றி ஆள் வைத்துக்கொண்டோம், அவள் சாப்பாட்டை மூடி வைத்தோம். இரண்டு மணிக்கு எழுந்து பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். அந்தத் தூக்கம் கர்த்தர் கொடுத்தது என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆகவே தூங்குகிறவர்களைத் தூங்க விடுங்கள்.

மதியத்துக்கு மேல் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பேசலாம். ஒரே சேகரத்தை அறிந்தவர்களையும் சொந்தக்காரர்களையும் ஒரு ஜோடியாகப் போடாதீர்கள். கேட்டது அந்த மரத்தடியைத் தாண்டக் கூடாது, நம் வீட்டு ஐயாவிடம்கூடச் சொல்லக் கூடாது. சபைக் கமிட்டிக்காரர் பேரைப் பேச்சில் இழுக்க வேண்டாம். "ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாயிரும்" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். முழுதும் கேட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து ஜெபியுங்கள்.

அந்த ரகசியத்துக்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டில் அடி வாங்குகிறாள், அல்லது உயிரோடிருக்கப் பிடிக்கவில்லை என்கிறாள் என்றால் ஜெபத்தோடு அனுப்பிவிடாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181, மனநலத்துக்கு 14416. அவளிடம் சொல்லிவிட்டு, டாக்டரிடமோ நம்பகமான வக்கீலிடமோ ஒருவர் கூடவே போக வேண்டும். ஐயரின் பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைத்து எத்தனையோ வீடுகளில் பெண்கள் நொந்துபோயிருக்கிறார்கள்.

"எனக்குப் பேச வராதே, நான் எப்படி நடத்த?" என்று கேட்கிறவர்களுக்கு மேரி சம்னரைச் சொல்வேன். இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் போதகரின் மனைவி. 1876-இல் அன்னையர் சங்கத்துக்காகப் பெண்களைக் கூட்டியவர், முதல் நாள் வாயெழாமல் எல்லாரையும் அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சங்கம் இன்றைக்கு உலகமெங்கும் இருக்கிறது.

வாட்ஸ்அப் குரூப் தொடங்காதீர்கள். நாலாம் நாளே குட்மார்னிங் படங்களும் ஃபார்வர்டுகளும் நிரம்பிவிடும். அதற்குப் பதில், மரத்தடியில் சேர்ந்த ஜோடி வாரம் ஒருமுறை போனில் பேசி ஜெபிக்கட்டும். ஐயா வீடு சந்திக்கப் போகிற நேரம் தோதாயிருக்கும். மாற்றல் வந்தாலும் ஜோடியை மாற்றாதீர்கள். புது ஊரில் சாமான் இறக்குகிற அன்று அவளுக்கு வருகிற முதல் போன் உங்களுடையதாயிருக்கட்டும்.