பழைய ஜிப்ஸி வாங்கப் போகிறீர்களா? முதலில் கீழே படுங்கள்

என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், சாஃப்ட் டாப், அதாவது துணிக் கூரை வைத்த ஜீப். சென்னை கொட்டிவாக்கத்தில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி நிற்கிறது. இது என் இரண்டாவது ஜிப்ஸி. முதல் வண்டியை வாங்கிய நான்காவது மாதம், பின் சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி வைத்தேன். வண்டி மேலே எழவில்லை, ஜாக்கிதான் சேஸிஸுக்குள், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்துக்குள் ஏறியது. பளபளவென்று கறுப்பு அண்டர்கோட்டிங் (துருப் பிடிக்காமல் அடியில் அடிக்கும் பூச்சு) அடித்திருந்த இடம் அது. கோட்டிங்கை உரித்துப் பார்த்தால் உள்ளே இரும்பு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டியது. வாங்கும்போது நான் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன்.

அந்த வண்டியைப் பார்க்க வந்த ஆதம்பாக்கத்து மெக்கானிக் அண்ணன் சொன்னதை இன்றுவரை நான் மாற்றிக்கொண்டதில்லை: "தம்பி, இன்ஜின அப்புறம் பாரு. மொதல்ல கீழ படு." ஜிப்ஸி இன்ஜினுக்குப் புதுப்பேட்டையில் உதிரி பாகம் கிடைக்கும், பத்து நாளில் பிரித்துக் கட்டிவிடலாம். சேஸிஸும் பாடியும் போய்விட்டால் வண்டியே போன மாதிரி.

எந்த வருடத்து வண்டி என்று தெரிந்துகொண்டு போங்கள். மாருதி 1985 டிசம்பரில் ஜிப்ஸியைக் கொண்டுவந்தது. சுசூகியின் எஸ்ஜே410-ஐ நீளமாக்கிய வண்டி அது. 970 சிசி இன்ஜின், நான்கு கியர். 1996-ல் 1.3 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் வைத்து ஜிப்ஸி கிங் வந்தது. 2000-ல் கார்புரேட்டர் போய் 16 வால்வு எம்பிஎஃப்ஐ, அதாவது பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் இன்ஜின் வந்தது. என்னைக் கேட்டால், தினமும் ஓட்டப் போகிறவர் எம்பிஎஃப்ஐ வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே வேலை பார்க்க ஆசைப்படுகிறவர் கார்புரேட்டர் கிங்கை எடுக்கலாம். 970 சிசி வண்டி அழகுதான், ஆனால் ஈசிஆர் கடற்கரைச் சாலையில் பின்னால் பஸ் வந்து ஹாரன் அடிக்கும்போது அதில் இழுவை போதாது.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள், இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். நல்ல டார்ச், மரக்கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர், சின்ன காந்தம், ஒரு பழைய பாய், இவ்வளவும் கையில் இருக்கட்டும். பாயை விரித்துப் பின்பக்கத்திலிருந்து உள்ளே போங்கள். சேஸிஸின் பின்முனையில் குறுக்குக் கட்டையும், பட்டை ஸ்பிரிங் தொங்கும் ஷேக்கிள் பிடிமானமும் இருக்கும். அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். இரண்டு முறை கேட்டால் காது பழகிவிடும். அப்படியே முன்னால் நகர்ந்து, பாடியைச் சேஸிஸோடு சேர்க்கும் ஒவ்வொரு மவுண்டையும் தட்டிக்கொண்டே வாருங்கள். சேஸிஸ் பெட்டி மாதிரி உள்ளே வெற்றாக இருப்பதால் உப்புக் காற்றின் ஈரம் புகுந்தால் வெளியே வராது, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புதிதாக அண்டர்கோட்டிங் அடித்த வண்டி என்றால் இரண்டு மடங்கு நேரம் தட்டுங்கள்.

மேலே வந்து மிதியடியைத் தூக்குங்கள். டிரைவர் கால் வைக்கும் இடம், முன் சீட்டுக்குப் பின்னால் உள்ள தரை, விண்ட்ஷீல்டு ஃப்ரேமின் அடிப்பகுதி, பேட்டரித் தட்டு ஆகியவைதான் முதலில் அரிக்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சீட் ரெயிலுக்கு அடியில் விரல் விட்டுத் தடவுங்கள். மாவு மாதிரி நைசான மண் ஒட்டினால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த ஊரில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன.

அடுத்தது முன் சக்கரம். ஜிப்ஸியில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆட ஆரம்பிக்கும் வண்டிகள் உண்டு. வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். "வீல் பேலன்ஸ் பண்ணினா சரியாப் போயிடும்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள், பெரும்பாலும் கிங்பின் பேரிங்தான் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சின் பேரிங்) தேய்ந்திருக்கும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கூட வந்தவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். இரண்டுமே சரிசெய்யக் கூடியவைதான், விலையில் மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையாக ஒரு குமிழ் தெரியும். அதைச் சுற்றி கிரீஸ் தண்ணியாக வழிந்திருந்தால் உள்ளே ஆக்ஸில் சீல் போய், டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் கிரீஸோடு கலந்துவிட்டது.

நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்று பார்க்காமல் ஜிப்ஸி வாங்குவது எனக்குப் புரியாத விஷயம். அதற்காகத்தானே இந்த வண்டி! முதலில் கீழே பார்த்து, முன் ஆக்ஸிலுக்கு விசை கொண்டு போகும் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சத்தம் வருகிறது என்று கழற்றிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால் அதன் முனையில் உள்ள கிராஸ் இணைப்பு தேய்ந்திருப்பது 'டக் டக்' என்று தெரியும். அப்புறம் ஓஎம்ஆர் சாலையின் உட்பக்கத்து மனைப்பிரிவு எதிலாவது, உரியவரிடம் கேட்டுக்கொண்டு, இளகிய மண் உள்ள காலி இடத்துக்குப் போங்கள். கடற்கரைக்குக் கொண்டு போகாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடும் மணல் அது, மற்ற மாதங்களிலும் வண்டி ஓட்டும் இடம் இல்லை. வண்டியை நிறுத்தி 4எச் (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போட்டு, நண்பரை வெளியே நிற்கவைத்து, முன் சக்கரம் மண்ணைத் தள்ளுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதேபோல் 4எல் (நான்கு சக்கர இழுவை, குறைந்த வேகம்) போட்டுப் பாருங்கள். வண்டி ஆமை வேகத்தில், இன்ஜின் திணறாமல் ஏற வேண்டும். லீவர் தானாக நழுவி வெளியே வந்தால் முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் வேலை இருக்கிறது. தார் ரோட்டில் 4எச் போட்டு வளைக்கவே கூடாது. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இறுகிவிடும்.

இன்ஜினுக்கு வழக்கமான சோதனை போதும்: குளிர்ந்த ஸ்டார்ட், நீலப்புகை, ஆயில் மூடிக்குள் வெண்ணெய் மாதிரி ஏதும் படிந்திருக்கிறதா என்பது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்பவருக்குத் தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். முப்பது வருட ரப்பர் அதைத் தாங்காது.

ஹூட், அதாவது துணிக் கூரை கிழிந்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் தைத்து வாங்கலாம். ஹூட்டைத் தாங்கும் கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள், அவைதான் தேடினால் கிடைக்காது.

பேப்பர் விஷயத்தில் அவசரமே கூடாது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஆர்சி புதுப்பித்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை. பசுமை வரி ரசீதையும் கேளுங்கள். டெல்லியிலிருந்து வரும் வண்டிகள் விலை குறைவாக இருக்கும், கடல் காற்று படாததால் பாடியும் நன்றாக இருக்கும். ஆனால் அங்கே பதிவு ரத்தாகிவிட்டதா, வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்ற என்ஓசி சான்று கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி என்றால், ஏலக் காகிதத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் இரும்பில் பொறித்ததோடு ஒத்துப் போகின்றனவா என்று ஒவ்வொரு எழுத்தாக, நீங்களே டார்ச் அடித்துப் படியுங்கள்.

வாங்கியாயிற்று என்றால் முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து ஆயிலையும் மாற்றுங்கள்: இன்ஜின், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஒரு வாரம் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்றுங்கள். ஒன்று முக்கியம். கீழே உள்ள ட்ரெயின் போல்ட்டைத் தொடும் முன், மேலே ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பல வருடம் திறக்காமல் அது இறுகிப்போயிருக்கும். கீழே திறந்து ஆயிலை எல்லாம் வடித்த பிறகு மேல் போல்ட் கழல மாட்டேன் என்றால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்த மெக்கானிக்கும் வர மாட்டார்.