விலை கூடிய ஐஸ்கிரீமை எடை பார்த்து வாங்குங்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களில் ஒரு ஸ்கூப் ஐஸ்கிரீமுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பாலுக்கு எவ்வளவு, கடை வாடகைக்கு எவ்வளவு என்று யோசிப்பது நல்லது. விதிப்படி சாதாரண ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். தாவரக் கொழுப்பில் செய்ததை ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்றே குறிப்பிட வேண்டும். கடையும்போது காற்று கலந்து அளவு பெருகுவதாலும், ஒரு லிட்டர் 525 கிராம் இருந்தாலே விதிக்குப் போதும் என்பதாலும், டப்பாவில் மில்லிலிட்டரோடு கிராமையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதே அளவில் எடை கூடியதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. கண்ணாடிக் கோப்பைக்கும் அலங்கார விளக்குக்கும் கொடுப்பது அவரவர் விருப்பம். ருசி பார்க்கக் கேட்பதானால் வெனிலாவையே கேளுங்கள், ஏனெனில் சாக்லேட் பாலின் குறையை எளிதில் மறைத்துவிடும்.