சென்னை–சிங்கப்பூர்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்குப் போடலாம்

சென்னை–சிங்கப்பூர் தூரத்தை இணையத்தில் தேடினால் ஒரு தளம் 2,920 என்னும், இன்னொன்று 1,815 என்னும், வேறொன்று 1,577 என்னும். மூன்றும் ஒரே தூரம்தான்: கிலோமீட்டர், மைல், கடல் மைல். நமக்குக் கிலோமீட்டர் போதும்.

படி 1: விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடு. டிக்கெட்டிலேயே இருக்கும். சென்னைக்கு எம்ஏஏ, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு எஸ்ஐஎன். ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். டோக்கியோ, பாங்காக், சியோல் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு விமான நிலையங்கள்.

படி 2: கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு குறியீட்டையும் நடுவே சிறு கோடு போட்டு உள்ளிடுங்கள். மைலில் காட்டினால் அலகை மாற்றிக்கொள்ளலாம். பார்க்கப் பழைய காலத்துத் தளம் மாதிரி இருக்கும். ஆனால் விளம்பரம் மொய்க்கும் தளங்களுக்கு இது எவ்வளவோ மேல். கூகுள் மேப்ஸிலும் அளக்கலாம்தான், புள்ளி வைத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. வரைபடத்தில் கோடு நிக்கோபார் தீவுகளின் தென்கோடியை ஒட்டிப் போய் மலாக்கா நீரிணையில் இறங்கினால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

படி 3: தூரத்தை 850 ஆல் வகுங்கள். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குக் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் போகும். 3 மணி 26 நிமிடம் வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, தரையில் ஊர்ந்து போவதும் உண்டு. அதற்கு முக்கால் மணி நேரம் சேர்த்தால் நாலே கால் மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும்.

படி 4: டிக்கெட்டோடு ஒப்பிடுவது. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் சேருமிடத்துக் கடிகாரப்படி. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். சென்னையில் இரவு 11.30க்கு ஏறி மறுநாள் காலை 6.15க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம். இரண்டரையைக் கழித்தால் நாலே கால். திரும்பும்போது கூட்ட வேண்டும்: அங்கே இரவு 8.00, இங்கே 9.40 என்றால் பயணம் 1 மணி 40 நிமிடத்தில் முடியவில்லை, 4 மணி 10 நிமிடம். கிழக்கே போனால் கழி, மேற்கே வந்தால் கூட்டு.

(தீர்க்கரேகைப்படி பார்த்தால் சிங்கப்பூர் நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். ஏற்கெனவே அரை மணி நேரம் கூடுதலாக ஓடிய கடிகாரத்தை 1982இல் மலேசியாவோடு சேர்ந்து இன்னும் அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். அதனால்தான் அங்கே விடியவே ஏழு மணி ஆகிறது.)

பின்சேர்க்கை: டெல்லி–டோக்கியோவுக்குக் கணக்கு உதைக்கிறது என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். உதைக்கத்தான் செய்யும். அங்கே மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் இன்னும் பலமாக. போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல்கூடக் கூடலாம். சென்னை–சிங்கப்பூர் பூமத்திய ரேகைப் பக்கம் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, வான்வெளித் தடை. 2019இல் பாகிஸ்தான் சில மாதங்கள் வான்வெளியை மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் சுற்றிக்கொண்டு போயின. வரைபடத்துக் கோட்டுக்கு அது தெரியாது. இப்படிப்பட்ட தடங்களுக்கு ஃபிளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாள் உண்மையில் எவ்வளவு நேரம் பறந்தது என்று பார்த்துவிடுங்கள்.