மகனை ஸ்டாஃபில் சேர்க்க நினைக்கும் ஹெட் கோச்சுக்கு

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க ஃபுட்பால் அணியின் ஹெட் கோச் வந்து உட்கார்ந்து, "என் பையனை எடுக்கலாம் என்று இருக்கிறேன், என்னென்ன பேப்பர் வேண்டும்?" என்று கேட்டால், நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். சரிப்பட்டு வரவில்லை என்றால் பையனைப் போகச் சொல்லப் போவது யார்? பேப்பரெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"நானே சொல்வேன்" என்பார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் அந்த அதிகாரம் உங்களிடம் இருக்கவே கூடாது. உறவினரின் நியமனம், சம்பளம், மதிப்பீடு, நீக்கம் எதிலும் உங்கள் கையெழுத்து விழக் கூடாது. அதனால் முதலில் விளையாட்டுத் துறை இயக்குநரைப் பாருங்கள். பையன் அவருக்குக் கீழேதான் வேலை செய்வான் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இயக்குநர் தயங்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்ததை எல்லோருக்கும் சொல்வேன். அங்கே ஹெட் கோச் கர்க் ஃபெரன்ட்ஸின் மகன் பிரையன் 2012-இல் அப்பாவின் ஸ்டாஃபில் சேர்ந்தார், 2017-இல் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது பாயிண்ட் எடுக்கும் தாக்குதல் பிரிவை நடத்துபவர், ஆனார். காகிதத்தில் அவருடைய மேலதிகாரி இயக்குநர்தான். அணி பாயிண்ட் எடுக்கத் திணறியதும், 2023 பிப்ரவரியில் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள்: சம்பளத்தில் 50,000 டாலர் குறைப்பு, இலக்காக ஆட்டத்துக்குச் சராசரி 25 பாயிண்ட், குறைந்தது 7 வெற்றி. அந்த அக்டோபர் 30-ஆம் தேதி, அணி 6 வெற்றி 2 தோல்வி என்று இருந்தபோதே, அடுத்த சீசனில் பிரையன் இருக்க மாட்டார் என்று இடைக்கால இயக்குநர் பெத் கெட்ஸ் அறிவித்தார். அந்த முடிவை அப்பா எடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஏற்பாடு சரி. 25 பாயிண்ட் இலக்குதான் எனக்குப் பிடிக்கவில்லை. டிஃபென்ஸ், அதாவது தடுப்புப் பிரிவு, பந்தைப் பறித்து எடுத்த பாயிண்டும் அந்தக் கணக்கில் சேரும், அது அவர் வேலையை அளக்காது. அதற்கு மேல், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்கோர்போர்டே ஒரு பிள்ளையின் பரீட்சைத் தாள் ஆகிவிட்டது. இலக்கு எழுதுங்கள். ஆனால் தேர்ட் டவுனில், அதாவது பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில், எத்தனை முறை அந்தத் தூரத்தை எட்டினார்கள், அவர் கையில் இருக்கும் வீரர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று அவர் வேலையையே அளக்கும்படி எழுதுங்கள்.

அடுத்து, வேறொருவர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த வேலை பையனுக்கு ஒன்றாவது இருக்கட்டும். ஸ்டீவ் பெலிச்சிக் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச்சான அப்பா பில்லிடம் சேர்வதற்கு முந்தைய சீசனில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர், தடுப்புப் பிரிவை நடத்துபவர். லேன் கிஃபின் 2009-இல் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச் ஆனபோது அங்கே அழைத்து வந்தது தன் தந்தை மான்டியை. அவர் அதற்குள் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் பல வருஷம் டிஃபென்ஸ் நடத்தி முடித்திருந்தார்.

வேலையை வெளியே விளம்பரப்படுத்துங்கள். நேர்காணல் அறைக்குள் நீங்கள் போகாதீர்கள். ஒரு கோச்சின் தம்பியை நாங்கள் மூன்று பேர் பேட்டி எடுத்தோம். அவர் லேப்டாப்பில் ஒரு பிளேயை நிறுத்தி, லெஃப்ட் கார்டின், முன்வரிசையில் நிற்கும் ஒரு வீரரின், வலது கால் அரை அடி பின்னால் இருப்பதைக் காட்டி, அதனால் என்ன கெடுகிறது என்று விளக்கினார். பத்தாவது நிமிஷத்தில் அவருடைய குடும்பப் பெயர் யார் நினைவிலும் இல்லை.

அதே தம்பி விஷயத்தில்தான் நாங்கள் ஒரு தப்பும் செய்தோம். பயணச் செலவுப் படிவம் கணினியில் தானாகவே ஹெட் கோச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவரும் மற்றவர்களுடையதோடு சேர்த்து ஒப்புதலை அழுத்திவிட்டார், மூன்று மாதம். பணத்தில் ஒரு டாலர்கூடப் பிசகில்லை. ஆனால் தணிக்கையில் வந்தது, பத்திரிகையில் வந்தது, தம்பி வீட்டில் அந்த வாரம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. முதல் நாளுக்கு முன்பே விடுப்பு, செலவு, மதிப்பீடு மூன்றிலும் மேலதிகாரி பெயரை மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய திரையை உங்கள் கண்ணால் பாருங்கள்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிகளை, பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே இருக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் நீங்களே யோசியுங்கள். 2024 ஜூனிலிருந்து மைதானத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் பயிற்சி தரலாம். ஆனால் வெளியே போய் ரெக்ரூட் செய்ய, அதாவது பள்ளி வீரர்களைப் பேசி அணிக்கு இழுக்க, உங்களையும் பத்து துணைக் கோச்சுகளையும்தான் அனுமதிக்கிறார்கள். அந்தப் பத்தில் ஒரு இடத்தைப் பையனுக்குக் கொடுக்கிறீர்களா? பள்ளிப் பிள்ளைகளின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பேச அவனுக்கு வருமா?

மற்ற துணைக் கோச்சுகளிடம் செய்தி வெளியே வருவதற்கு முன்பே சொல்லுங்கள். உங்கள் மகனைப் பற்றிய குறையை உங்களிடம் கொண்டுவர யாராலும் முடியாது. யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்று பெயர் சொல்லுங்கள். அந்தப் பேச்சு உங்கள் காதுக்கு வராது என்றும் உறுதி கொடுங்கள்.

கடைசியாக ஒப்பந்தத் தேதி. ஹெட் கோச் போனால் பெரும்பாலும் ஸ்டாஃபும் கூடவே போகும். அதாவது ஒரே மத்தியானத்தில் ஒரு குடும்பத்தின் இரண்டு சம்பளமும் நிற்கும், பேரப் பிள்ளைகளின் மருத்துவக் காப்பீடும் சேர்த்து. மகனின் ஒப்பந்தம் என்று முடிகிறது, நீங்கள் போனால் அவருக்கு எத்தனை மாதச் சம்பளம் உண்டு என்பதைத் தனியாக எழுதி வாங்குங்கள். கையெழுத்து முடிந்ததும் நான் கேட்பேன், இந்தத் தேதியை மருமகளிடம் சொல்லிவிட்டீர்களா என்று. பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புவேன்.