சித்திரைத் திருவிழா மருத்துவ ஒத்திகையை மதிப்பிடுவது எப்படி?

"ஒத்திகை சிறப்பாக நடந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட மதிப்பீட்டாளர் தேவையில்லை. யார், எத்தனை மணிக்கு, என்ன செய்தார் என்பதுதான் அவர் தாளில் இருக்க வேண்டும்.

ஒத்திகைக்காக, மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆழ்வார்புரம் பக்கம் ஒரு தண்ணீர்ப்பந்தலில் குடித்தவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. அரசு இராசாசி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் கூட்டத்தைத் தாண்டிக் கோரிப்பாளையம் போய்ச் சேர்வதுதான் பாடு.

முதலில் மாவட்டத்தின் அவசரகால மருத்துவத் திட்டத்திலிருந்து எட்டுப் பத்து செயல்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் திட்டம் சொல்லும் கால வரம்பைப் பக்கத்தில் எழுதுங்கள். நீங்களாக வரம்பு வைக்காதீர்கள். பந்தல், ஆம்புலன்ஸ் நிற்குமிடம், மருத்துவமனை வாசல், கட்டுப்பாட்டு அறை என இடத்துக்கு ஒரு மதிப்பீட்டாளர் போதும். எல்லோருடைய கடிகாரமும் ஒரே மணி காட்ட வேண்டும். 108 மையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு செய்தியும் "ஒத்திகை" என்ற சொல்லோடு தொடங்க வேண்டும். நடுவில் யாராவது உண்மையிலேயே மயங்கி விழுந்தால் எல்லாவற்றையும் நிறுத்த வேறொரு சொல்லும் வேண்டும். மதிப்பீட்டாளர் உதவக் கூடாது, கேட்டாலும் விடை சொல்லக் கூடாது. இதுதான் கடினம், கை பரபரக்கும்.

செய்தி அனுப்பிய நேரத்தை மட்டும் குறித்தால் பாதி வேலைதான். போய்ச் சேர்ந்த நேரத்தையும், கட்டுப்பாட்டு அறையில் எழுதிக்கொண்டதையும் ஒப்பிடுங்கள். மேளச் சத்தத்தில் வாக்கி டாக்கி வழியே "பன்னிரண்டு பேர்" என்பது "இரண்டு பேர்" ஆகிவிடும். கேட்டவர் எண்ணைத் திருப்பிச் சொன்னாரா என்று பாருங்கள்.

பந்தலில் சுகாதார ஆய்வாளர் குளோரின் பார்க்கும்போது கையருகே நில்லுங்கள். குளோரின் இருந்தால் தண்ணீரை மஞ்சளாக்கும் ஆர்த்தோடொலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்ட பத்து வினாடிக்குள் நிறத்தைப் படித்தால்தான் அது தனிக் குளோரின் (எதனோடும் சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது) அளவு. ஆற அமரப் பார்த்தால் வேறு பொருளோடு பிணைந்த குளோரினும் சேர்ந்து நிறம் கூடும், குறைந்தது இருக்க வேண்டிய லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் தனிக் குளோரின்கூட இல்லாத தண்ணீர் தேறிவிடும். மல மாதிரியை ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன் எடுத்தார்களா? கிருமி வழியில் சாகாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் வைத்த மாதிரியை அறை வெப்பநிலையிலேயே அனுப்பலாம். தடுப்பூசிப் பழக்கத்தில் ஐஸ் பெட்டிக்குள் திணிப்பார்கள். குளிரில் காலரா கிருமி சாகக்கூடும். ஒரு லிட்டருக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் அளவு பார்க்காமல் கைக்குக் கிடைத்த செம்பில் கரைத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தரம் நான்கு போதும்: தடையின்றிச் செய்தார்கள், சிறு சிக்கலோடு செய்தார்கள், பெரும் சிக்கலோடு செய்தார்கள், செய்ய முடியவில்லை. நூற்றுக்கு எழுபத்தெட்டு என்று மதிப்பெண் போடுவதால் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆட்கள் கலையுமுன் அங்கேயே அரை மணி நேரம் உட்காருங்கள். ஓட்டுநரையும் தூய்மைப் பணியாளரையும் முதலில் பேசச் சொல்லுங்கள். அதிகாரி முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி.

அறிக்கையில் எல்லாக் குறைக்கும் "பயிற்சி தேவை" என்று எழுதுவது சோம்பேறித்தனம். மாதிரி ஐஸ் பெட்டிக்குப் போனது தெரியாமையாலா, வேறு பெட்டியே தராததாலா? பின்னதென்றால் பயிற்சி எதற்கு, பெட்டி வாங்குங்கள். ஒவ்வொரு குறைக்கும் காரணம், பொறுப்பாளரின் பதவி, முடிக்க வேண்டிய தேதி மூன்றும் வேண்டும். அந்தத் தேதி வந்ததும் அந்த ஒரு செயலை மட்டும் மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள்.